இன்னும் ஒரு கை

தினமும் காலையில் எங்கள் பாலிஷ்காரர் தன் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, தோளில் கிடக்கும் துணியை இழுத்து, முதலில் விளக்கைத் துடைக்கிறார். அடுத்து டாங்க். அடுத்து இரண்டு பக்கக் கண்ணாடிகள். கண்ணாடியைத் துடைக்கும்போது மட்டும் தலையை ஒருபுறம் சாய்த்துக்கொள்வார். தன் நரைத்த மீசை கண்ணில் பட்டுவிட்டால் அதையும் சரிசெய்ய உட்கார வேண்டியிருக்கும் என்ற பயம். கடைசியாக, சக்கரத்தின் நடுவே இருக்கும் வட்டமான பிரேக் தகடு. அதைத் துடைத்து, கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, "இன்னும் ஒரு கை போட்டா நல்லா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு கை போடுவார்.

அவர் தொழிலில் கை என்றால் ஒரு பூச்சு. கதவு, கட்டில், மேசை என்று மரத்தில் எது செய்தாலும் பாலிஷ் போட அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அரக்கும் மெழுகும் எண்ணெயும் ஊறிப்போன விரல்கள். ஒரு பொருளை அவர் கையிலிருந்து வாங்கினால் நம் கையிலும் அந்த வாசனை மாலை வரை இருக்கும். எங்கள் குடியிருப்பில் யாருக்கும் அவர் பெயர் தேவைப்பட்டதில்லை, பாலிஷ்காரர் என்றால் போதும். என்னைவிட எவ்வளவோ மூத்தவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். வேண்டாம் என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "சரிங்கக்கா" என்கிறார்.

மங்கலாக ஒரு பொருள் கண்ணெதிரே இருந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வங்கியில் வரிசையில் நிற்கும்போது கவுன்ட்டர் பலகையைத் தடவிப் பார்த்து, "யாரோ அவசரத்துல போட்டிருக்காங்க" என்று வருத்தப்படுவார். நெஞ்சு எரிகிறது என்று டாக்டரிடம் போனவர், அவருடைய மேசைக்குப் பாலிஷ் போட நாள் குறித்துக்கொண்டு திரும்பி வந்தார். நெஞ்செரிச்சலுக்கு என்ன சொன்னார் என்று மனைவி கேட்டதற்கு, "அத விடு, அந்த மேசை முழுக்கத் தேக்கு, தெரியுமா" என்றாராம். நான் ஊரில் இல்லாத சமயம் என் வாசல் கதவுக்கும் ஒரு கை போட்டு வைத்திருந்தார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பெட்டியும் கையுமாக வந்து நின்றவள், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று படியிலேயே கொஞ்ச நேரம் விழித்தேன்.

அப்பேர்ப்பட்டவர் ஆசை ஆசையாக வாங்கிய புது மோட்டார் சைக்கிள்தான் அந்தக் கத்தல் கத்தியது. காலையில் கிளம்பி, குடியிருப்பின் கேட்டருகே வந்து பிரேக்கை அழுத்துவார். ஸ்லேட்டில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கிறீச்சல் கிளம்பும். பல் கூசும். முதல் மாடியில் தொட்டிலில் கிடக்கும் குழந்தை எழுந்துகொள்ளும், அதன் அம்மா படாரென்று சன்னலைச் சாத்துவாள், என் தேநீர் பாதி தரைக்குப் போகும். தெருமுனையில் இன்னொரு கிறீச். அதோடு அன்றைய காலை முறைப்படி விடிந்ததாக அர்த்தம்.

சர்வீஸ் கடைக்காரர் முதலில், "புது வண்டிண்ணே, போகப் போக அடங்கிடும்" என்றார். போகப் போக வலுத்தது. பிறகு பிரேக் கட்டைகளைக் கழற்றி வேறு மாட்டிக் கொடுத்தார். ஓரிரு நாள் சாதுவாக இருந்தது, மறுபடி பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பாலிஷ்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார்.

நான் கிண்டல் செய்தேனே ஒழிய, அது கிண்டலுக்குரிய விஷயம் இல்லை என்று எனக்கும் தெரியும். முன்பு அவரிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. ஒரு மழை நாளில் அதன் பிரேக் பிடிக்காமல் போய், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சாலையில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு பார்த்தால் எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர் அவர். உயரத் தட்டிலிருந்து ஒரு டப்பா எடுக்க வேண்டுமென்றால் இப்போதும் இடது கையைத்தான் நீட்டுகிறார். அன்றிலிருந்து கணவரின் பின்னால் அவர் உட்கார்ந்ததே இல்லை. பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, நல்ல பிரேக் எந்த வண்டியில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்து இதை வாங்கியதே மனைவியை மறுபடி உட்கார வைக்கத்தான். அவரும் கீழே இறங்கி வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருந்தார். அது கத்தத் தொடங்கியதும் பேச்சை மாற்றிவிட்டார். "கத்துற பிரேக்க நம்பி நான் ஏற மாட்டேன். மொதல்ல அது வாய மூடட்டும்."

ஆகவே மனைவி பஸ்ஸில் போவார். அவருடைய சாப்பாட்டுப் பை மட்டும் மோட்டார் சைக்கிளில் போகும். பையைப் பின் சீட்டில் வைத்துக் கட்டி, பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய், மருந்துக்கடை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் பாலிஷ்காரர் வேலைக்குப் போவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும். இவரும் நிற்பார், கிறீச். சன்னலோரம் இருக்கும் மனைவி யாரோ எவரோ என்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

"சாப்பாட்டுப் பைக்கு இருக்குற தைரியம்கூட உனக்கு இல்லையே" என்று ஒரு நாள் கேட்டிருக்கிறார்.

"பைக்கு எலும்பு இல்லையே" என்றிருக்கிறார் மனைவி.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் தினமும் பையைக் கட்டும்போது, "இன்னிக்கு ஏறேன், மெதுவாத்தான் போவேன்" என்று ஒரு பார்வை பார்ப்பார். அது எனக்கே பாவமாக இருக்கும்.

போன மாதம் வெளியூரில் ஒரு புது வீட்டுக்குக் கதவு சன்னல் எல்லாம் பாலிஷ் போடும் வேலை வந்தது. ஒரு வாரம் அங்கேயே தங்கிவிட்டார். கல்லூரிக்குப் போகும் மகள் வண்டியை எடுத்துக்கொண்டாள். முதலில் கத்தியது, அப்புறம் முனகியது, அப்புறம் சுத்தமாக நின்றுபோனது. மனிதர் ஊரில் இல்லை, அதனால் அமைதி என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். ஓடுவது அதே வண்டிதானே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திரும்பி வந்தவரிடம் மகள், "அப்பா, வண்டி இப்ப கத்தவே இல்லப்பா" என்றாள்.

சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. "அப்ப என்கிட்ட மட்டும்தான் வாலாட்டுதா?"

மறுநாள் காலை ஒரு வாரத் தூசிக்கும் சேர்த்து வைத்துத் துடைத்தார். கிளம்பினார். கேட்டருகே கிறீச்.

அதற்கு அடுத்த நாள் மகள் புத்தகப் பையோடு கீழ்ப்படியில் உட்கார்ந்து, அப்பா துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தேநீரோடு அங்கேதான் நின்றேன்.

"அந்தத் தகட்டையும் தினமும் துடைப்பீங்களாப்பா?"

"பின்ன? மத்ததெல்லாம் பளபளன்னு இருக்கு, இது மட்டும் மங்கிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"இந்தத் துணியிலயா?"

"வேற எந்தத் துணி?"

மகள் துணியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். மெழுகும் எண்ணெயும் கலந்த அதே வாசனை. "அது பிரேக் பிடிக்கிற எடம்ப்பா. அதுல போய் தினமும் பாலிஷ் போட்டா அது எப்படிப் பிடிக்கும்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாலிஷ்காரரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் அவளக் கெஞ்சிக்கிட்டு இருந்தேனேக்கா" என்றார். "ஏறு ஏறுன்னு. அவ ஏறியிருந்தான்னா..."

சத்தம்தான் குறை என்று அவரும் நினைத்தார், தெருவும் நினைத்தது. பிரேக் பிடிமானம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று யார் யோசித்தோம்?

அன்று மாலையே மனைவியிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். மறைத்திருக்கலாம், மகள் காட்டிக்கொடுக்கிற பெண் இல்லை. எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் "நீ பயந்தது சரிதான்" என்றாராம். மனைவி இதை என்னிடம் சொல்லும்போது திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "விழுந்த நாள்ல இருந்து எல்லாரும் பயப்படாத பயப்படாதன்னுதான் சொன்னாங்க. சரிதான்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் சொல்றார்" என்றார்.

சர்வீஸ் கடைக்காரர் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். தகட்டைக் கழுவி, கட்டைகளை மறுபடி மாற்றி, "உங்க துணி இது பக்கமே வரக் கூடாதுண்ணே. மழையில லேசாத் துரு தெரிஞ்சாலும் தொடாதீங்க, ஓட்டுனா தானாப் போயிடும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டருகே கண்ணை மூடிக்கொண்டு நிற்க, பாலிஷ்காரர் தெருவில் மேலும் கீழுமாக ஓட்டி ஓட்டிப் பிரேக் போட்டுக் காட்டினார். சக்கரம் மண்ணில் உராயும் சத்தம் மட்டும் கேட்டது. மனைவி கண்ணைத் திறந்து, மாடிக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை பை வண்டியில் போனது, அவர் பஸ்ஸில் போனார். பாலிஷ்காரர் அந்தப் பழைய பார்வையைப் பார்க்காமல் பையைக் கட்டினார்.

நேற்று இரவு நல்ல மழை. இன்று காலை பிரேக் தகட்டின் மேல் செம்மண் பூசியது போல மெல்லிய துரு. விளக்கு, டாங்க், கண்ணாடி எல்லாம் முடித்துவிட்டு அதன் எதிரே குந்தி இருந்தார். கை போகிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது.

"இத எப்படிக்கா இப்படியே விடுறது?"

"விடுங்க" என்றேன்.

பெருமூச்சு விட்டு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மனைவி சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தார். பையைக் கட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடப்பார் என்று பார்த்தால், முன்சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்து, துருப்பிடித்த அந்தத் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து, கணவரின் தோளிலிருந்து துணியை உருவி என் கையில் கொடுத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாலிஷ்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. துணி கிடந்த அந்தத் தோளில், மனைவி தன் வலது கையை வைத்தார்.