சைகோன்காரி கடையில் கை நனைத்தவள்

வில்லியனூர் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது அன்னாமேரியின் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே கூரை, நடுவில் திரையாக ஒரு பழைய புடவை. திரைக்கு இந்தப் பக்கம் அடுப்பு, அண்டா, இரண்டு பெஞ்சு. அது கடை. அந்தப் பக்கம் பாய், பெட்டி, மாதா படம். அது வீடு.

அன்னாமேரி என்பது சாமியார் வைத்த பேர். பெற்றவர்கள் வைத்தது லான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மரியதாஸ் அவளைச் சைகோனில் கட்டிக்கொண்டான். இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், அவளையும் மகள் ஆரோக்கிய செல்வியையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து சொந்த ஊரில் இறக்கினான். பட்டாளத்துக்காரன் என்பதால் ஊருக்கு அவன் சொல்தா மரியதாஸ். அவள் சைகோன்காரி. அவளுக்கு இரண்டு பேர் இருந்தும் அதில் ஒன்றைச் சொல்லிக்கூட யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. தமிழில் அவளுக்கு ‘ழ’ வராது. வசவு சுத்தமாக வரும்.

மரியதாஸின் பென்ஷன் அவன் தொண்டையைத் தாண்டி வீடு வந்து சேருவது அபூர்வம். அதனால்தான் கடை போட்டாள். ஊறிய அரிசியை ஆட்டுவாள். கொதிக்கிற பானையின் வாயில் துணி கட்டி, மாவை அதன்மேல் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, உரித்துச் சுருட்டி, நாடா நாடாக நறுக்குவாள். அதன்மேல் கோழி எலும்பு வெந்த சாறு. கூடவே மரவள்ளி மாவில் தோல் செய்து, இறால் பூரணம் வைத்த கொழுக்கட்டை. முதல் வருஷம் தின்பதற்குக் குச்சி கொடுத்துப் பார்த்தாள். ஒருவர் அதை எடுத்துக் காது குடைந்தார். அன்றைக்கே குச்சிகளை அடுப்பில் போட்டாள்.

“இதுல பாம்பு கீம்பு போடுவியா?” என்று புதிதாக வருகிற எல்லாரும் கேட்பார்கள். முதலில் கோபப்பட்டாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். இப்போதெல்லாம், “இன்னிக்கி கெடைக்கல” என்று சொல்லிக் கிண்ணத்தை வைத்துவிடுவாள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே!

உடம்பு ஓய்ந்தது ஆட்டுக்கல்லால். மனசு ஓய்ந்தது அந்தத் திரையால். இந்தப் பக்கம் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்து நக்குகிற ஊர், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு வாய் தண்ணீர் குடிக்காது. செல்விக்கு வயது வந்தபின் இது நெஞ்சில் ஏறிய பாரமாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கை நனைத்துவிட்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம். இரண்டு குடும்பங்கள் வந்தன. பெண்ணைப் பார்த்தன. “சொல்லி அனுப்புறோம்” என்று போயின. கை நனைக்கத் திரும்பி வரவே இல்லை.

மூன்றாவதாக மாதா கோயில் உபதேசியார் ஓர் இடம் சொன்னார். மாப்பிள்ளை அருள்சாமி, திருக்கனூர் பக்கம் நெல் மில்லில் வேலை. குடிக்க மாட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த இடம் எப்படியாவது கூடிவர வேண்டும் என்று அன்னாமேரி மாதாவிடம் மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகப் பேச்சு.

அந்த ஞாயிறு காலைப் பூசை முடிந்த கூட்டம் வந்து போனபின், உச்சி வெயிலில் ஓர் அம்மாளும் பையனும் கடைக்கு வந்தார்கள். மரியதாஸ் சவரம் பண்ணிக்கொள்ளப் போயிருந்தான். செல்வி திரைக்குப் பின்னால் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா இருக்குது சாப்பிட?”

அன்னாமேரி இரண்டு கிண்ணம் வைத்தாள். அந்த அம்மாள் பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை. சாற்றை ஒரு வாய் உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். அப்புறம் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளினாள். பையன் தலை நிமிரவே இல்லை.

“காரமே இல்ல. ஆனா ஒடம்புக்கு எதமா கீது. அந்தக் கொழுக்கட்டையில இன்னும் ரெண்டு வையி.”

“வைக்கிறேம்மா. கோயிலுக்கு வந்தீங்களா?”

“கோயிலுக்குந்தான். பொண்ணு பாக்க வந்தோம். சாயங்காலந்தான் வர்றதாச் சொன்னோம், காலை பஸ்ஸே கெடச்சிது. பொண்ணு வூட்ல கை நனைக்கக் கூடாது பாரு, அதான் மொதல்ல வயித்த ரொப்பிக்கலாம்னு.”

அன்னாமேரியின் கரண்டி அண்டாவிலேயே நின்றது. “எந்த வூடும்மா?”

“சொல்தா மரியதாஸாம். பொண்ணோட அம்மா வெளியூர்ப் பொம்பளயாம். ஒனக்குத் தெரியுமா?”

சைகோனையும் வெளியூர் என்று சொல்லலாம்தான். உபதேசியார் பொய் சொல்லவில்லை, மென்று முழுங்கியிருக்கிறார். கடையைப் பற்றி மூச்சே விடவில்லை போலிருக்கிறது. கோயிலைச் சுற்றிக்கொண்டு போங்கள் என்று வழி சொல்லி இவர்களை அனுப்பிவிட்டால், சுற்றி வருவதற்குள் நல்ல புடவை கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முகத்தை என்ன செய்வது? ஒளித்து ஒளித்து அலுத்துப்போய்விட்டது அவளுக்கு.

“இதாம்மா அந்த வூடு. நான்தான் பொண்ணோட அம்மா.”

பையனுக்குப் புரை ஏறியது. லூர்தம்மாள், அதுதான் அந்த அம்மாளின் பேர், கையைக் கிண்ணத்திலிருந்து எடுத்து, சாறு சொட்டச் சொட்ட அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, பெண் வீட்டிலேயே இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாள். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

“இது கடைதான?” என்றாள் கடைசியில்.

“கடைதாம்மா.”

“அப்ப கடையிலதான் சாப்ட்டோம்.” முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். “காசு குடுத்துட்டா வூட்டுச் சாப்பாடு ஆவாது. எடுத்துக்க.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், சோற்றைப் போட்டு வளைத்துப் போடப் பார்த்தாள் என்று பேச்சு வரும். அன்னாமேரி காசை எடுத்து டப்பாவில் போட்டாள். தன் மகளின் வாழ்க்கையைத் தானே விற்றுவிட்டதுபோல் இருந்தது.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. மரியதாஸ் ஓடிவந்தான். அவர்கள் திரையைத் தாண்டிப் போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். செல்வி வந்து கும்பிட்டாள். அருள்சாமி அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். தண்ணீர்ச் சொம்பு வைத்தது வைத்தபடி இருந்தது.

“சொல்லி அனுப்புறோம்” என்று லூர்தம்மாள் எழுந்தாள்.

“நீ எதுக்குடி நாந்தான்னு மார்தட்டுன?” என்று மரியதாஸ் கத்தினான். அவள் அரிசியை ஊறப்போட்டாள். செல்வி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அன்னாமேரியை அறுத்தது. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் எலும்புச் சாறு கிடையாது, இறால் தலைச் சாறுதான். திருக்கனூரிலிருந்து ஒரு சேதியும் இல்லை. ஈஸ்டரும் போயிற்று. அன்னாமேரி எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள். எதிர்பார்ப்பதும் ஒரு வேலைதானே, கையில் இருக்கிற வேலையே முடியவில்லை.

அடுத்த வாரச் சந்தை நாளில், கடை நிறைய ஆள் இருக்கும்போது லூர்தம்மாள் வந்தாள், தனியாக. பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஒரு கிண்ணம் குடு. கொழுக்கட்டையும் வையி.”

அன்னாமேரி வைத்தாள். இந்த அம்மாள் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாளா என்று காத்து நின்றாள்.

“அந்த உபதேசியார இப்பத்தான் நல்லா கேட்டுட்டு வர்றேன்” என்றாள் லூர்தம்மாள், வாயில் கொழுக்கட்டையோடு. “வெளியூராமே! கடல் தாண்டுன வெளியூரு! நீ ஒருத்திதான் ஒளிக்காம சொன்ன.”

அவ்வளவுதான். கல்யாணப் பேச்சை எடுக்காமலே தின்றாள். கொழுக்கட்டையில் உப்பு கம்மி என்றாள். யாரோ சாறு கேட்டார்கள், அன்னாமேரி அந்தப் பக்கம் திரும்பினாள். மனசு வெறிச்சென்று இருந்தது. உபதேசியாரோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறாள், பசித்தது, கடைக்கு வந்தாள், வேறென்ன?

லூர்தம்மாள் தொட்டியில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. யாரையும் சும்மா விட்டுப் பழக்கமில்லாத கடைக்காரியின் வாய், மனசைக் கேட்காமலே கூவிவிட்டது.

“அம்மா! காசு?”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லூர்தம்மாள் தெருவில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

“சம்மந்தி வூட்ல சாப்ட்டுட்டு எவடி காசு குடுப்பா?”

அன்னாமேரி, அவ்வளவு வருஷத்தில் ஒரு நாளும் உட்காராத தன் கடைப் பெஞ்சில், லூர்தம்மாள் எழுந்த இடத்தில், கரண்டியும் கையுமாக உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.