வெள்ளம் வடிந்த பொத்தோங் பாசிரில் மூன்று மாடுகளுக்கு ஒரு சாட்சி

அறுபதுகளின் தொடக்கம், டிசம்பர் மழை. நான்கு நாளாகப் பால் வரவில்லை. பஃபலோ ரோட்டில் குடியிருந்த எனக்குப் பால் இல்லாத கோப்பி குடித்து நாக்கே செத்துவிட்டது. பால்காரர் கோவிந்தசாமி அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கச் சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பொத்தோங் பாசிருக்குக் கிளம்பினேன். அக்கறை பாதி, கோப்பி பாதி. பொய் சொல்லக் கூடாது, பாருங்கள்.

பேருந்துக்குப் பதினைந்து காசு. மூன்று மைல்தான், சாலையில் தண்ணீர் நின்றதால் முக்கால் மணி நேரம் பிடித்தது. "வேட்டிய மடிச்சுக் கட்டிக்கங்க லா" என்று சொல்லி இறக்கிவிட்டார் கண்டக்டர். அப்புறம் அரை மைல் சேற்றில் நடை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

கொட்டகையில் ஐந்து மாடு நின்ற இடத்தில் இரண்டுதான் நின்றன. மற்ற மூன்றும் வெள்ளத்தில் செத்துப்போயின. கால்நடையை இழந்தவர்களுக்கு அரசாங்கம் உடனடி உதவித்தொகை தருகிறது என்று ஒரு சீன அதிகாரி வந்திருந்தார். பேச்செல்லாம் மலாய் மொழியில். செத்ததைக் கண்ணால் பார்த்தால்தான் சீட்டு எழுதுவாராம். பக்கத்தில் பன்றி வளர்க்கும் ஆ லெங், நாற்றத்தைச் சகித்துக்கொண்டு செத்த பன்றிகளை அப்படியே போட்டு வைத்திருந்து சீட்டு வாங்கிவிட்டார். நம் அண்ணனோ தண்ணீர் வடிந்த அன்றைக்கே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாடுகளைப் புதைத்துவிட்டார். நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்?

தோண்டிக் காட்டினால் போதும் என்றார் அதிகாரி. உதவி கிடைக்காவிட்டால் அண்ணன் மிச்சமிருக்கும் இரண்டையும் விற்றுவிட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். தோண்டிவிடலாமே என்று அண்ணன் காதில் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"எம்புள்ளைங்களுக்குச் சோறு போட்டதுங்க, தம்பி. மாட்டேன்" என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். விதி அப்படி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் ஆ லெங் வேலியைத் தாண்டி வந்தார். குழி வெட்டும்போது தானும் ஒரு மண்வெட்டி பிடித்ததாகவும் மூன்று மாட்டையும் சேர்ந்து இறக்கியதாகவும் மலாயில் சொன்னார். மடியிலிருந்து தன் சீட்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

"நான் சொல்றது பொய்யா இருந்தா இதையும் கிழிச்சுப் போடுங்க."

அதிகாரி கொல்லைப் பக்கம் போய் அந்த மூன்று மண்மேடுகளையும் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து ஆ லெங்கின் சீட்டை அவர் கையிலேயே கொடுத்தார். பேனாவைத் திறந்து, மாடு மூன்று என்று எழுதினார். அண்ணன் அழுதுவிட்டார். நானும்தான்.

இப்போது போகிறவர்களுக்கு: ரயிலில் பத்தே நிமிடம், சேறும் கிடையாது. கொட்டகையைத் தேடாதீர்கள்; எல்லாம் அடுக்குமாடி வீடுகள். வேறெந்த ஊரிலாவது மாடு வைத்திருப்பவராக இருந்தால், அதிகாரி வரும்வரை புதைக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். மனசு கேட்கவில்லையென்றால் புதைத்துவிடுங்கள். குழி வெட்ட மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.