மன்னார்க் காற்றைப் போத்தலில் அடைத்த கிழமைகள்

மூச்சை அடக்கிக்கொண்டு கடற்காற்றுக்கு எதிரே நின்றால் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கும். கண்ணாடிப் போத்தலின் திருகைத் திறந்ததும் அதைவிட மெல்லிய ஒரு சீறல்... காற்றே இல்லாமல் வெறுமையாக்கி அனுப்பிய போத்தலுக்குள் எங்கள் ஊர்க் காற்று நுழையும் சத்தம்.

தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலம். நான் மன்னாரில் வானிலை பார்க்கும் கந்தோரில் வேலை. வேலை என்றால் மழைமானியைக் கழுவுவது, புல்லு வெட்டுவது, பெட்டி சுமப்பது. எழுதுகிற வேலை பள்ளிமுனை மரியநாயகத்துக்கு. அவர் இங்கிலீஷ் படித்தவர். நான் கந்தோரில் கிடந்த கருவிப் புத்தகங்களையும் அட்டை கிழிந்த ஒரு அகராதியையும் வைத்து நானாகப் படித்தவன்.

ஒருநாள் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து மரப்பெட்டி வந்தது. உள்ளே சோடியாக இரண்டு கண்ணாடிப் போத்தல்கள். கிழமைக்கு ஒருமுறை, ஏழு நாளுக்கு ஒரு சோடியாக, கடற்காற்றை அடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பனிப் பிரதேசத்தில் ஒருவர், நடுச்சமுத்திரத் தீவில் ஒருவர், பாலைவனத்தில் ஒருவர் என்று பல தேசத்து ஆட்கள் இதையே செய்துகொண்டிருந்தார்கள். எல்லாப் போத்தலும் ஒரே இடத்துக்குப் போய், உலகத்தின் காற்றில் கரிவாயு எவ்வளவு கூடுகிறது என்று வருடக்கணக்காகக் கணக்குப் பார்ப்பார்கள்.

அந்தக் கடதாசியை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. அந்த வரிசையில் ஒரு ஆளாக நிற்க ஆசைப்பட்டேன். ஆனால் படிவத்தில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். அது மரியநாயகத்தின் பெயர்.

பெட்டியைச் சைக்கிளில் கட்டி, தோட்டவெளி தாண்டி, அடுப்புப் புகை வராத கடற்கரைக்குக் கொண்டுபோவது நான். திறப்பது அவர். நான் தள்ளி நின்று பார்ப்பேன்... வயிறு எரியும். மறைக்க என்ன இருக்கிறது?

விதி லேசானது. ஆழமாக மூச்செடுத்து, அடக்கி, காற்றுக்கு எதிரே பத்தடி நடந்து, கையை நீட்டித் திறக்க வேண்டும். பூட்டி முடியும்வரை மூச்சு விடக்கூடாது. மனிதருடைய மூச்சில் அந்தக் கரிவாயு அதிகம். கொஞ்சம் கலந்தாலே போத்தல் பழுது.

மரியநாயகமும் மூச்சை அடக்குவார், நடப்பார், கையை நீட்டுவார். திருகில் விரல் பட்டதும் வாய் தானாக முணுமுணுக்கும்.

"சேசு மரி சூசை."

எங்கள் கத்தோலிக்க ஆட்கள் அந்தச் சின்னச் செபத்தைச் சொல்லாமல் வள்ளம் தள்ளமாட்டார்கள், அடுப்பு மூட்டமாட்டார்கள். நானும் சொல்கிறவன்தான். ஆனால் சைக்கிளால் இறங்கும்போதே சொல்லி முடித்துவிடுவேன். அவருக்கு அது வாயில் வருவதும், அதோடு மூச்சு போவதும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

பிறகு அவருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போடும் கொப்பளிப்பான் வந்தது. வீட்டு வாசலில் நின்றபடி கேட்டேன்.

"இந்தக் கிழமைப் போத்தல் என்னமாதிரி?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீர்தானே ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனீர் ஐசே, நீரே பிடியும். படிவத்தில என்ர பேரையே போடும். இல்லாட்டி கொழும்பில கேள்வி கேப்பாங்கள்."

"பிடிக்கிறது நான், பேர் உங்கட?"

"காத்துக்கு ஆர்ர பேர் எண்டு தெரியுமே? போம் ஐசே, சொறியிற நேரத்தில சிரிப்புக் காட்டாதையும்."

நான்கு கிழமை நான் பிடித்தேன். நான்கு கிழமையும் அவர் பெயரை என் கையால் எழுதினேன்.

சில மாதங்களால் கடிதம் வந்தது. மன்னார்ச் சோடிகளில் ஒரு போத்தலின் அளவு மற்றதோடு பொருந்தவில்லையாம். ஆனால் குறிப்பிட்ட நான்கு கிழமைகள் மட்டும் மிகச் சுத்தமாம். அப்படியே தொடரும்படி திரு. மரியநாயகத்தைக் கேட்டிருந்தார்கள். கூடவே, திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அனுப்புகிற பாராட்டுப் பத்திரம். கந்தோரில் எல்லோருக்கும் ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

அன்று பின்னேரம் அவர் மழைமானிப் பக்கம் வந்தார்.

"பிலேந்திரன், அந்த நாலு கிழமையும் நீர் என்ன செய்தனீர்?"

"எழுதிக் கிடந்தபடி செய்தனான்."

"நானும் அப்பிடித்தானே ஐசே செய்யிறன்."

"அப்ப சரிதானே."

அவர் திரும்பிக் கந்தோருக்குள் போய்விட்டார். அடுத்த கிழமையும் கடற்கரையில் அதே முணுமுணுப்பு. அதற்கடுத்த கிழமையும்.

பழுதான போத்தல்களே போய்க்கொண்டிருந்ததால், வருடம் முடிய முன்னர் பெட்டி வருவது நின்றுவிட்டது.

போன கிழமை மரியநாயகத்தின் மகள் கனடாவிலிருந்து, வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தப் பாராட்டுப் பத்திரத்தின் படத்தை முகநூலில் போட்டிருந்தாள். அவர் இறந்து ஒரு வருடமாம். எனக்கும் எழுதியிருந்தாள். "அங்கிள், அப்பாவோட வேலை செய்தனீங்கள்தானே, அவரைப் பற்றி ரெண்டு வரி எழுதுங்கோ."

இவ்வளவும் எழுதிவிட்டேன், பிள்ளை. உங்கள் அப்பா களவெடுக்கவில்லை. பெயரை எழுதிக் கொடுத்தவன் நான். அவர் வந்து கேட்டபோது வாயை மூடிக்கொண்டவனும் நான்தான். பத்திரத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு என்னால் லைக் போட முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாளில் ஒரு கடிதம் வர மாதக்கணக்கில் காத்திருந்தோம். இப்போது எல்லா நாட்டுக் காற்றின் கணக்கையும் படுத்திருந்தே போனில் பார்க்கலாம். நேற்றுப் பார்த்தேன். மன்னாருக்கு ஒரு சின்ன வரிசைப் புள்ளிகள். பெரும்பாலானவற்றில் பழுது என்று குறி. நடுவில் நான்கு மட்டும் சுத்தம். பிறகு வெறும் இடம்...

கீழே அந்த நடுச்சமுத்திரத் தீவின் வரிசை. அது அன்றிலிருந்து இன்றுவரை அறாமல் ஓடுகிறது. அங்கேயும் யாரோ ஒருவன் பிழை விட்டிருப்பான். பக்கத்தில் நின்றவன் அதை அவனுக்குச் சொல்லியிருப்பான்.

மரியநாயகத்தின் மேல் இருந்த பொறாமை இன்னும் குறையவில்லை. ஆனால் நேற்றிலிருந்து, பக்கத்தில் நின்ற அந்த முகம் தெரியாதவன் மேல்தான் கூடப் பொறாமை.