பதினைந்து அடிப் பெயர்ப்பலகையில் என் பங்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய், இறக்காமத்து வயல்களில் பழுதாகிக் கிடந்த தண்ணீர்ப் பம்பிகளைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தேன். கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில், ஒருவருடைய கடைப் படிக்கட்டின் கீழே, நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில் உதிரிப்பாகங்கள் விற்றேன். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் இரண்டு தடவை கடையைப் பூட்டி இரண்டு தடவை திறந்தேன். சுனாமியில் கடல் வந்து போன பிறகு, துருப்பிடித்த சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து மூன்றாம் தடவையும் திறந்தேன். இன்றைக்குப் பிரதான வீதியில் இருக்கும் இரண்டு மாடிக் கடை, பின்னால் இருக்கும் பட்டறை, மூன்று பெண்பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்த மூன்று வீடுகள், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. உழவு இயந்திரம் இருமினால் அதற்கு எங்கே சளி என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன். இஞ்சினியர் படிப்புப் படித்த பிள்ளைகள் வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட கடை ஒரு வருஷத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

லொறி வந்து நிற்பதற்காக முன் வளவை வெறுமையாக விட்டு, கடையை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தேன். பக்கத்து வளவில் மருந்துக்கடை வைத்திருப்பவர் என் வயதுக்காரர், கல்முனையில் பழைய மெதடிஸ்த குடும்பத்து மனிதர். அவர் சட்டப்படி வீதி ஓரம் வரைக்கும் வந்து மூன்று மாடி எழுப்பினார். அவ்வளவுதான். மருந்துக்கடைப் பக்கமிருந்து வருகிற ஒருவருக்கும் எங்கள் கடை தெரியவில்லை. இறக்காமத்திலிருந்து இருபது வருஷமாக வருகிற, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஒரு விவசாயிகூட அடையாளம் தெரியாமல், போனில் வழி பார்த்து வந்தும் முடியாமல், எனக்குப் போன் எடுத்தார்.

"காக்கா, போன் வந்து சேர்ந்திட்டீங்க எண்டு சொல்லுது. கடையக் காணல்லையே."

"எங்க நிக்கிறீங்க?"

"மருந்துக் கடைக்கு முன்னால."

"தலையத் திருப்புங்க."

"திருப்பினன் காக்கா. இப்பயும் மருந்துக் கடதான் தெரியுது."

அவர் பழகியவர், போன் எடுத்தார். மற்றவர்கள் எடுக்கமாட்டார்கள். நேரே அடுத்த சந்தியில் இருக்கும் கடைக்குப் போய்விடுவார்கள். பெரும்போக நெல் விதைப்புக்கு ஒரு மாதம்கூட இல்லை. எங்கள் வருஷத்தின் வியாபாரம் அந்தச் சில கிழமைகளில்தான் இருக்கிறது. வீதி ஓரத்தில் இருபது அடிக் கம்பத்தில் ஒரு பெயர்ப்பலகை வைப்பதென்று முடிவெடுத்தேன்.

மாநகர சபையில் திட்டமிடல் பகுதியில் வேலை செய்கிற பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னா. "ஹாஜியார், வீதிக்கரையில தனிக் கம்பத்துல வைக்கிற போட் பத்தடிக்கு மேல போகேலா. அதுதான் சட்டம்."

"பத்தடியில வச்சா முன்னால ஒரு லொறி நிண்டாலும் மறைஞ்சிடும் மகள்."

"அப்ப விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பம் போடுங்க. காரணம் எழுதணும், பக்கத்து வளவுக்காரர்ட சம்மதக் கடிதம் வேணும். மறுகா குழு கூடி முடிவு சொல்லும்."

எனக்கு எழுத வரும். ஆனால் அரசாங்கக் கடிதம் என்றால் எங்கள் வீட்டில் அது என் மனைவியின் வேலை. சாதாரண தரப் பரீட்சை சித்தியடைந்தவ, முத்து முத்தான எழுத்து. நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. காரணம் என்ற இடத்துக்கு நான் சைக்கிளில் போன காலத்திலிருந்து தொடங்கினேன், நாலு பக்கம் வந்தது. காணி உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு என் பெயரைச் சொன்னேன். பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டா.

மருந்துக்கடைக்காரரிடம் சம்மதம் கேட்கப் போனேன்.

"ஒங்கட கட்டடத்தாலதான் எனக்கு இந்த அலைச்சல்," என்றேன்.

"கடைய உள்ளுக்க ஒளிச்சு வச்சிட்டு என்னைக் குத்தம் சொல்றீங்களே ஹாஜியார்," என்று சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். ஒரு நிபந்தனை மட்டும் எழுதினார். அவர் படுக்கிற அறை முதலாம் மாடியில், வீதிப் பக்கம். பலகையின் லைட் பத்து மணிக்கு அணைய வேண்டும்.

குழு கூடிய அன்றைக்கு அந்தப் பிள்ளை காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தா. "ஹாஜியார், இந்தக் காணி ஒங்கட பேர்ல இல்லையே."

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் பெண்ணுடைய பெயரில் எழுதப்படும். நானும் அப்படி மாப்பிள்ளையாக வந்து குடியேறிய வளவுதான் அது. ஆனால் முப்பத்தைந்து வருஷமாக "என்ட வளவு" என்று சொல்லிச் சொல்லி, உறுதியில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. எந்தத் தேநீர்க் கடையிலும் போய்க் கேளுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எல்லோரும் என்ட வீடு என்றுதான் சொல்வார்கள். என்ன, அவர்கள் அதை எழுதிச் சபைக்குக் கொடுப்பதில்லை.

உரிமையாளர் கையெழுத்து வைத்து, அடுத்த கூட்டத்துக்கு அவவே வரவேண்டும் என்றார்கள். விதைப்புக்கு முந்தி அதுதான் கடைசிக் கூட்டம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "தெரிஞ்சிக்கிட்டே என்ட பேர எழுதினியா புள்ள?"

"ஓம்."

"சொல்லியிருக்கலாமே."

"ஒங்கட கத நல்லாப் போய்க்கிட்டிருந்திச்சு. நடுவுல ஏன் குழப்புவான் எண்டு விட்டன்."

"இப்பக் கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?"

"போடுறன். ஆனா அங்க நான்தான் கதைப்பன்."

சம்மதித்தேன். ஆனாலும் கூட்டத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அஞ்சாம் வகுப்போட பள்ளிய விட்டவன் நான்," என்று தொடங்கிவிட்டேன். குழுத் தலைவர் கையைக் காட்டி, "இரிங்க ஹாஜியார், உரிமையாளர் கதைக்கட்டும்," என்றார்.

அவ பையிலிருந்து ஒரு தாளை எடுத்தா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், மருந்துக்கடைப் பக்கத்து வழியில் இருக்கிற சவளக்கடைக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போய் வந்திருக்கிறா. திரும்பி வரும்போது எங்கள் வளவின் பக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த உயரத்தில் வைத்தால் கண்ணுக்குப் படும் என்று மருந்துக்கடைக் கட்டடத்தை வைத்துக் குறித்திருக்கிறா.

"இருபதடி வேணாம்," என்றா. "அவ்வளவு உயரத்துல வச்சா பஸ்ஸுக்குள்ள இருக்கிறவங்க குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். பதினஞ்சடி போதும். நிக்கிற லொறிக்கு மேலால தெரியும். மருந்துக் கடைக்காரர்ட ஜன்னலுக்கு மறைப்பும் இல்ல."

"இது ஆர் சொல்லித் தந்தது உம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"பஸ்தான்."

அரை மணித்தியாலத்தில் விதிவிலக்குக் கிடைத்தது. ஆட்டோவில் வரும்போது அவவின் கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா அப்படிப் பேசினா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவவிடம் அதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

விதைப்புக்கு முந்திய கிழமை பலகை எழும்பியது. இறக்காமத்து விவசாயி வந்தார். "ராத்தாக்கு நல்ல மூள காக்கா," என்று என் மனைவியை மெச்சினார். மருந்துக்கடைக்காரர், "லைட் பத்து மணிக்குப் பிறகும் எரியட்டும், என்ட அறைக்குள்ள வெளிச்சம் படயில்ல. ராத்தாக்குச் சொல்லிவிடுங்க," என்றார். அனுமதிக் கடிதம் அவவின் பெயரில் கண்ணாடி போட்டுக் கடையில் தொங்குகிறது. பெண்பிள்ளைகள் மூவரும் உம்மா சபைக்குப் போன கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்கள். அந்தக் கதையில் எனக்கு ஒரே வேலை, இரிங்க என்றதும் இருப்பது.

பலகையின் அடியில் ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கிறது. அதில் 'நிறுவியவர்' என்று போட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். பலகை எழுதுகிறவர் அனுமதிக் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "மாத்தம் செய்யிறதெண்டா உரிமையாளர்ட கையெழுத்து வேணும் ஹாஜியார்," என்கிறார்.

ஆகவே உரிமையாளரிடம் எழுத்திலேயே கேட்கிறேன். காணி உன்னுடையது, பதினைந்து அடியும் உன்னுடையது. ஒருநாளும் மறுக்கமாட்டேன். ஆனால் கம்பத்துக்குத் தண்ணீர் ஊறும் வரை குழி தோண்டியவன் நான். அந்தப் பலகை எந்தக் கடையைக் காட்டுகிறதோ அந்தக் கடையை மூன்று தடவை திறந்தவனும் நான். அந்த ஒரு சாணில் என் பெயர் வரவேண்டும். பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் வாசிக்கிற அளவுக்கு வரவேண்டும்.