சுவருக்குள் போன பைப்

என் அப்பா மோகனராஜ் வீடுகளுக்குத் தண்ணீர் பைப் போடுகிறவர். ஜெலுத்தோங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை அவர் செய்த வேலை நிறைய இருக்கிறது. எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இப்போது எல்லோருக்கும் ஷவர் வேண்டும், பைப் மட்டும் தெரியக் கூடாது. அப்பா சுவரை வெட்டி பைப்பை உள்ளே பதிப்பார். பிறகு கூட வேலை செய்யும் இத்ரீஸ் வந்து அதன்மேல் டைல் ஒட்டுவார். வீட்டுக்காரர்கள் டைலைத்தான் படம் எடுப்பார்கள். இத்ரீஸும் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவார். அப்பா ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பார், கீழே யார் யார் புகழ்ந்திருக்கிறார்கள் என்பதையும். லைக் மட்டும் போடமாட்டார்.

சபூரா அக்கா வீட்டில் பதித்த பைப் அப்பாவுக்கே பிடித்துப்போயிற்று. சுடுதண்ணீருக்கு ஒன்று, பச்சைத்தண்ணீருக்கு ஒன்று. இரண்டும் நூல் பிடித்ததுபோல் நேராக ஏறின. மூடுவதற்கு முன் வீட்டுக்காரர் ஒருமுறை பார்க்கட்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அக்காவோ மகளைப் பார்க்க புக்கிட் மெர்தாஜாம் போயிருந்தார்.

"மோகன், கசிவு இல்ல. மூடிடலாம்லா," என்றார் இத்ரீஸ்.

"நாளைக்கு அண்ணே. பிரஷர் இன்னொரு தரம் பாக்கணும்."

"நேத்தே பாத்தாச்சு. என்ன, பொண்ணு பாக்க வராங்கன்னு அலங்காரம் பண்ணி வச்சிருக்கியா?"

மறுநாள் அக்கா வந்தார். சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, குடல் வெளிய வந்தாப்ல இருக்கு. சீக்கிரம் மூடுங்க."

இத்ரீஸ் சிமெண்ட் குழைக்கத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை அப்பா பார்த்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, துண்டு போடும் கம்பிக்கு ஓட்டை போட வேண்டும் என்று அக்கா இத்ரீஸைத்தான் கூப்பிட்டார். பைப் எந்த வழியாகப் போகிறது என்று இத்ரீஸுக்கு நிச்சயமில்லை. அப்பாவிடம் கேட்கச் சொல்லிவிட்டார்.

அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, டைல்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு ஏறும் இடத்தைச் சரிபார்த்தார். கம்பி வரும் இடத்தை மட்டும் காட்டினால் போதும். அவரோ சிவப்பு டேப்பும் நீல டேப்பும் எடுத்து, கீழிருந்து ஷவர் வரை இரண்டு பைப்பும் போகும் வழி முழுவதையும் ஒட்டினார்.

"எவ்ளோ நேரா இருக்கு, பாத்தீங்களாக்கா?"

"இருக்கு தம்பி. டேப்ப பாத்துக் கழட்டுங்க. டைல்ல பசை ஒட்டிக்கப் போவுது."

கழற்றுவதற்கு முன் அப்பா ஒரு படம் எடுத்து இத்ரீஸுக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது.

"டைல் இன்னும் புதுசு மாதிரியே இருக்குல்ல."