கோட்டை மதிலில் நின்று கூவினேன்

ஜவ்வாது மலையை விட்டு இறங்கியே அறியாத அம்மாவுக்கு வேலூர்க் கோட்டையைக் காட்டப் போனேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அங்கிருந்த பலகையைப் பெருமையாக வாசித்துவிட்டுத் திரும்பினால், அம்மாவைக் காணோம்.

எங்கள் மலையடிவாரத்து அமிர்திக்குக் கடைசி பஸ் புறப்படும் நேரம். அம்மாவுக்கு போர்டு படிக்கத் தெரியாது. மலையில் ஆளைத் தேடக் கூவுவோம். டவுனில் கூவ வெட்கப்பட்டுக் கோட்டை முழுக்க ஓடினேன். கடைசியில் மதில்மேல் ஏறிக் கூவியேவிட்டேன்.

"இன்னாப்பா, நரி மாதிரி ஊளையிடறே?" என்றார் வேர்க்கடலைக்காரர்.

அகழிக்கு அப்பாலிருந்து பதில் கூவல் வந்தது. ஓடினேன்.

"எப்போ கூவுவியோன்னு இங்கியே குந்திக்கினு இருக்கேன்டா," என்றார் அம்மா.

பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். இப்போதெல்லாம் எந்த ஊரிலும் ஆளைக் காணவில்லை என்றால், முதலில் கூவுகிறேன். ஓடுவது அப்புறம்தான்.