உதறும்போது நிற்கும் மூச்சு

ஆமத்தூரில் பேருந்தைப் பிடிக்க இருபது தப்படி ஓடினேன். ஏறியதும் நடத்துநர் எங்கே போகணும் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொல்ல மூச்சு இல்லை. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

விருதுநகரில் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்து, நுரையீரல் நார்த்திசு நோய் (நுரையீரலில் தழும்பேறி அது இறுகிப்போவது) என்றார். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டி ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார். நாலாவது நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"மூணு மாசம் மூச்சுப் பயிற்சி எடுங்க. அப்பவும் இப்படியே இருந்தா வீட்டுல சிலிண்டர் வைக்க வேண்டியிருக்கும்."

குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கட்டிலோடு கிடக்கும் நினைப்பே எனக்குக் கிலியூட்டியது.

பயிற்சி தந்தவர் ஜமீலா. என்னைவிட இருபது வயது இளையவர். பார்த்ததுமே பிடிக்கவில்லை. உதட்டைக் குவித்து எட்டு எண்ணும்வரை ஊதச் சொல்வார். நாலில் முடித்தால் "திரும்பவும்" என்பார். பாராட்டு மருந்துக்கும் கிடையாது. நான் இருமினால்கூட ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

"எந்த வேலை பாத்தீக அண்ணாச்சி? எந்த ரூம்ல?"

மூச்சு சொல்லித்தருகிறவருக்கு இது எதற்கு? நான் இருந்த அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில்தான் என் மனைவி செல்வி இன்னமும் திரி வேலை பார்க்கிறாள். இந்த நோட்டு அங்கே போனால், நான் வழக்குப் போடப்போகிறேன் என்று அவளை நிறுத்திவிடுவார்கள். மருந்துத் தூசி படாத வேலையாக, "பேக்கிங்" என்று சொல்லிவைத்தேன்.

ஒரு மாதமாகியும் நாலு ஐந்தாகவில்லை. அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று வீட்டில் பொருமினேன்.

"அந்தப் புள்ளையக் கொற சொல்லாதீக. நீங்க உள்ளதச் சொன்னீகளா?" என்றாள் செல்வி.

மறுநாள் ஜமீலா ஒரு டப்பா கோதுமை மாவைக் கொடுத்துக் கிண்ணத்தில் கொட்டச் சொன்னார். சமையல் வகுப்பா இது என்ற எரிச்சலோடு கொட்டினேன்.

"மூச்ச நிறுத்திட்டீக, பாருங்க. பேக்கிங்ல இருந்தவுக இப்படிச் செய்ய மாட்டாக."

பதினெட்டு வருடம் வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தவன் நான். தூள் உள்ளே போகாதிருக்க, கொட்டும்போது மூச்சை அடக்குவோம். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தோம். அடக்கி முடித்து, அதே தூசிக்குள் நின்று இழுத்த பெரிய மூச்சை நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஜமீலா நோட்டை என்னிடம் தள்ளினார். "சந்தேகமா இருந்தா படிச்சுப் பாருங்க." கம்பெனி பெயர் எங்கும் இல்லை. ஒரு பக்கத்தில், 'உண்மையைச் சொல்லப் பயப்படுகிறார். நெருக்க வேண்டாம்' என்றிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி. திரும்பவும் கொட்டுங்க. கொட்டும்போது ஊதணும்."

இரண்டு மாதம் என்னைப் பிழிந்தெடுத்தார். குனியும்போது ஊது, தூக்கும்போது ஊது. திட்டிக்கொண்டே செய்தேன். மூன்றாம் மாத முடிவில் ஆறு நிமிடமும் நடந்தேன். சிலிண்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை நீங்களும் கவனியுங்கள். தழும்பு போகாது.

நன்றி சொல்லப் போனபோது நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். "ஒரே மூச்சுல பேசாதீக அண்ணாச்சி" என்று அதற்கும் அதட்டினார். அந்த அதட்டல்தான் என்னை நடக்கவைத்தது.

இப்போது என் நாள் மணிக்கணக்கில் போவதில்லை. மாடிப்படிக்கு ஆறு மூச்சு, தெருமுனைக்கு முப்பது. அடுத்தவர் மூச்சும் காதில் விழுகிறது.

போன வாரம் செல்வி வாசலில் பாயை உதறினாள். அவள் வாய் இறுக மூடியிருந்தது, நெஞ்சு அசையவில்லை. "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்று பிறகு சொன்னாள். ஆனால் அவள் மூச்சை விடும்வரை நானும் விடவில்லை.